மூடினாலும் ஒலிக்கும் தோடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. மகள் நர்சிங் படிப்பை முடித்துவிட்டாள் என்று படித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கெட்டிக்காரி" என்றாள்.

கார்த்திகையில் அம்மா கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறாள். பகல் பொழுது எப்படியோ ஓடிவிடுகிறது. இரவுதான் நகர மறுக்கிறது.

தூக்கம் வராதபோது அவளுக்கு நாகசுரம் வேண்டும். மாயவரத்துக்காரி அல்லவா? திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது. அம்மா பிறந்தது நான்கு வருடம் கழித்து. ரேடியோவில் நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்டே வளர்ந்தவள். 1956-இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது தாத்தா அன்று முழுவதும் சாப்பிடவில்லை என்று இன்றும் சொல்வாள்.

என் பழைய லேப்டாப்பில் பதிவுகளைச் சேர்த்துத் தலைமாட்டில் வைத்தேன். திரை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். மூடினால் பாட்டு நின்றுவிடும். திரையை மட்டும் அணைத்துப் பார்த்தேன். போர்வை நுனி டச்பேடில் பட்டால் போதும், அறையே வெளுத்துவிடும். ஒரு நாள் ஆலாபனை மேலே ஏறிக்கொண்டிருந்த நேரம், அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து மூடியைச் சாத்தினேன். இருட்டிலிருந்து "ஏன் நிறுத்திவிட்டாய்?" என்று குரல் வந்தது. அந்தக் குரல் என்னை விடவில்லை. மறுநாள் இதற்கு ஒரு வழி கண்டே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூடியது கணினிக்கு எப்படித் தெரிகிறது? ஒரு ஊசியை நூலில் கட்டி மூடியின் விளிம்போரமாக மெதுவாக நகர்த்தினேன். வலப்பக்க மூலையிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, ஓரிடத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு சிறு காந்தம். அதற்கு நேர் கீழே, விசைப்பலகைப் பக்கத்தில், காந்தத்தை உணரும் சில்லு இருக்கிறது. எட்வின் ஹால் என்ற இயற்பியலாளர் 1879-இல் கண்டறிந்த காந்த விளைவில் இயங்கும் சில்லு அது. மூடியைத் திறந்தபடியே, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். கணினி அப்படியே உறங்கிப்போனது!

பாட்டு ஓடும்வரை விண்டோஸ் தானாக உறங்காது. ஒலி வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஆனால் மூடியைச் சாத்துவது நாமே இடும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு உறங்கிவிடுகிறது. அந்த அர்த்தத்தை மாற்ற நமக்கு உரிமை உண்டு. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்தால், இடப்பக்கத்தில், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் வரி இருக்கும். அதில் 'டூ நத்திங்', அதாவது எதுவும் செய்யாதே என்பதைத் தேர்ந்து சேமித்தேன். அவ்வளவுதான்.

சார்ஜரில் இருக்கும்போது மட்டும் அப்படி வை. பேட்டரிக்கான கட்டத்தில் 'ஸ்லீப்' அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் என்றாவது மூடிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாய். உள்ளே அது ஓடிக்கொண்டே கொதிக்கும். மெத்தைமேலும் வைக்காதே, காற்று போகும் துளைகள் அடைபடும். நான் முக்காலிமேல் வைத்திருக்கிறேன். இதில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருப்பதால் மூடினாலும் ஒலி மங்கவில்லை. பலகையில் பட்டு இன்னும் கனமாகவே வருகிறது.

உன் அப்பா தேவாரம் கேட்பது பேரனின் ஆப்பிள் மேக் லேப்டாப்பில் என்று எழுதியிருந்தாய். அதில் இந்தக் கட்டம் கிடையாது. வெளித்திரை, மின்சாரம், தனி விசைப்பலகை அல்லது மவுஸ் எல்லாம் இணைத்திருந்தால்தான் மூடியபின் விழித்திருக்கும். ராத்திரியில் அவருக்கு அதெல்லாம் எதற்கு? திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திருப்பி வை.

நேற்று இரவு மூன்று மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். கும்மிருட்டு. மூடிய பெட்டியிலிருந்து தோடி சன்னமாக வந்துகொண்டிருந்தது. அம்மா வாய் லேசாகத் திறந்திருக்க நல்ல தூக்கத்தில் இருந்தாள். நான் எதையும் தொடவில்லை. பட்டியல் தீர்ந்தால் அரைமணியில் கணினியும் தானே உறங்கிவிடும்; அப்படித்தான் நேரம் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் கல்யாண வீட்டு நாகசுரக் கேசட்டுகள் இருந்தனவே, உன் சித்தப்பா பதிவு செய்தவை? கணினியில் ஏற்றியிருந்தால் ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பு. அம்மா மல்லாரி என்கிற நாகசுர உருப்படியைக் கேட்கிறாள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்