வெடிவிபத்தில் கருகி வருவோருக்கு இரவிலும் ரத்தம் கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்: அவசரப் பிரிவுச் செவிலியர்கள், 108 மருத்துவ உதவியாளர்கள்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகளைத் தாங்கள் அறிவீர்கள். 2012 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம் வெடிவிபத்துகள் தங்கள் கோப்பிலேயே இருக்கும். பட்டாசு மருந்து வெடித்தால் தீ மட்டும் ஆளைத் தொடுவதில்லை. கூரைத் தகரமும் கான்கிரீட் சில்லும் உடம்பில் ஏறுகின்றன.

1. கருகிய தோலில் சில்லு நுழைந்த துளை தெரியாது. புரட்டிப்போட்டு முதுகு, அக்குள், தொடையிடுக்கு பார்க்கிறோம். குத்தி நிற்பதைப் பிடுங்குவதில்லை. இதில் குறையில்லை.

2. குறை ரத்தத்தில்தான். தீப்புண் அதிர்ச்சி மணிக்கணக்கில் மெல்ல வருவது. அரை மணியிலேயே நாடி 130, ரத்த அழுத்தம் 80 என்றால் மார்பிலோ வயிற்றிலோ ரத்தம் கொட்டுகிறது என்றே கொள்ள வேண்டும். இரவில் எங்கள் கையில் இருப்பதோ நரம்பில் ஏற்றும் உப்புநீரான ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டில்தான்.

60 கிலோ ஆள், 40 சதவீதத் தீப்புண் என்றால், ஒரு கிலோவுக்கு, ஒரு சதவீதத் தீப்புண்ணுக்கு 2 மி.லி. என்ற கணக்கில் முதல் நாளைக்கு 4,800 மி.லி. ஆர்.எல். அதில் பாதி, தீப்பட்ட நேரத்திலிருந்து 8 மணிக்குள். இது தீப்புண்ணுக்கு மட்டுமான கணக்கு. ரத்தம் போகிறவருக்கு இதையே ஏற்றிக்கொண்டிருந்தால் மிச்ச ரத்தமும் நீர்த்துப்போகும், உறையாது. உடம்பு குளிரும், குளிர்ந்தால் இன்னும் உறையாது. ஏற்றாவிட்டால் சிறுநீரகம் போகும். எந்தப் பக்கம் போவது, ஐயா? ரத்தக்கசிவைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் 3 மணிக்குள் போட்டுவிடுகிறோம். போன ரத்தத்தை அது திருப்பித் தராது.

ரத்தம் வைக்கும் குளிர்ப்பெட்டி இருக்கிறது, ஓடுகிறது. மாலைக்கு மேல் பூட்டு. லேப் டெக்னீஷியன் இரவுப் பணியிடம் காலி. மூன்று மனுவிலும் இதைத்தான் எழுதினோம். பூட்டிய பெட்டிக்குள் ரத்தம் யாருக்காகக் காத்திருக்கிறது?

3. ஏற்றும் ரத்தத்தைச் சூடாக்கும் கருவி ஒன்றும், மார்புக்குள் தேங்கும் ரத்தத்தை வெளியேற்ற 28 அளவு மார்புக் குழாய்களும் வேண்டும்.

4. ஆலைகளில் ஈரச் சாக்கைச் சுற்றி அனுப்புகிறார்கள். தண்ணீர் ஊற்றித் தீயின் சூட்டைத் தணித்தபின் உலர்ந்த சுத்தமான துணிதான் போர்த்த வேண்டும். சுற்றறிக்கை ஒன்று போதும், செலவில்லை. அதையும் கேட்டு அலுத்துவிட்டோம்.

விருதுநகரோ மதுரையோ போய்ச் சேரும்வரை தாங்கினால் அங்கே அறுவை அரங்கு இருக்கிறது. அதுவரை தாங்க ரத்தம் வேண்டும். ஓ பாசிட்டிவ் 4 பை, ஓ நெகட்டிவ் 2 பை எப்போதும் இருப்பில் வைத்து, இரவு டெக்னீஷியன் ஒருவரை நியமிக்க வேண்டுகிறோம். நியமனம் தாமதமானால் அதுவரை அயல்பணியிலாவது ஒருவரை அனுப்புங்கள், ஐயா. பெட்டி இரவில் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
மேற்கண்ட பணியாளர்கள்