காணொலிக் கருவி வாங்கினால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். காணொலிக் கூட்டத்தில் சத்தம் வரவில்லை என்றதும் எல்லோரும் கருவியைத்தான் குறை சொல்கிறார்கள், ஆனால் பல நேரங்களில் கோளாறு நெட்வொர்க் அமைப்பில் இருக்கிறது. காணொலி அழைப்பை இணைக்கும் விதிமுறைகளில் எச்.323 என்பதில் அழைப்பு, டிசிபி என்ற தரவு அனுப்பும் முறையின் 1720-ஆம் போர்ட்டில் (தரவு நுழையும் எண்ணிட்ட வாசலில்) தொடங்குகிறது, எஸ்ஐபி என்ற இன்னொரு விதிமுறை என்றால் வழக்கமாக 5060. ஒலியும் படமும் யுடிபி என்ற இன்னொரு முறையில் வேறு போர்ட்டுகளில் போவதால், ஃபயர்வாலில் (நெட்வொர்க்கின் பாதுகாப்புத் தடுப்பில்) அழைப்புக்கான போர்ட்டை மட்டும் திறந்துவிட்டால் மணி அடிக்கும், பேச்சு கேட்காது. கேமராவைத் திருப்பும் கட்டளையைக் கொண்டுபோகும் ஆர்எஸ்-232 என்ற கேபிளிலும் இதே கவனம் தேவை. ஒரு பக்கத்தில் தரவை அனுப்பும் ‘பின்’ (இணைப்பு முள்) மறுபக்கத்தில் அதைப் பெறும் ‘பின்’னோடு சேர வேண்டும், கிரவுண்ட் என்ற பொதுக் கம்பியும் இணைய வேண்டும், பாட் ரேட் என்ற தரவு வேகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருத்தியவர் இதை எழுதித் தராமல் போய்விட்டால் அப்புறம் யாரைக் கேட்பது? அரசு அலுவலகங்கள் டெண்டரிலேயே ஐபி (கருவியின் நெட்வொர்க் முகவரி), போர்ட், ‘பின்’ விவரங்களை எழுத்தில் கேட்க வேண்டும், கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்