காரணம் தெரியாத நெஞ்சுவலிக்கு மருத்துவக் குழுவின் பரிசோதனை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பீடித் தொழிலாளி ஒருவரின் மகள்,
ஆலங்குளம் வட்டம், தென்காசி மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தென்காசி.

பொருள்: என் தாயாரின் நெஞ்சுவலிக்குக் காரணம் கண்டறிய மருத்துவக் குழு அமைக்கவும், சிகிச்சை ஆவணங்களைப் பெற்றுத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் தாயாருக்கு வயது 49. சிறு வயது முதல் பீடி சுற்றுகிறார். சென்ற ஆண்டு பொங்கல் கழிந்ததிலிருந்து அவருக்கு நெஞ்சுவலி இருக்கிறது. பெரும்பாலும் விடியற்காலை மூன்றரை, நாலு மணி வாக்கில்தான் வரும். நடு நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைத்ததுபோல் அழுத்தி, இடது தாடை வரை இழுக்கும். உடம்பெல்லாம் வியர்த்துவிடும். கால் மணி நேரத்தில் தானாகவே விட்டுவிடும்.

ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), டிரெட்மில் (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) எல்லாம் பார்த்தாயிற்று. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் ஆஞ்சியோவும் (இதய ரத்தக்குழாய்களில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) எடுத்தோம். பெரிய ரத்தக்குழாய்களில் அடைப்பு இல்லை என்றார்கள், நிம்மதிதான். ஆனால் வலி நிற்கவில்லை. முதலில் கேஸ் மாத்திரை, பிறகு விட்டமின், கடைசியில் தூக்க மாத்திரை. "ஹார்ட் நார்மல்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது வலி வந்தால் அம்மா எங்களிடம் சொல்வதே இல்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டி நெஞ்சில் அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொள்கிறோம்.

ஐயா, நான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது இதுதான்: வலி இருக்கும்போது எடுத்த ஈசிஜி அம்மாவுக்கு ஒன்றுகூட இல்லை. வலி கண்டதும் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய், சீட்டு வாங்கிப் படுக்கவைப்பதற்குள் வலி விட்டிருக்கும். அதன்பின் எடுக்கும் ஈசிஜி நார்மலாகத்தானே இருக்கும்? இதய ரத்தக்குழாய் சற்று நேரம் இறுகிச் சுருங்குவதால் வரும் வலி இரவிலும் விடியலிலும்தான் அதிகம் வரும் என்கிறது மருத்துவம். சாதாரண ஆஞ்சியோவில் அது பிடிபடாமல் போகலாம். நுண்ணிய ரத்தக்குழாய்களில் வரும் கோளாறும் அப்படியே. அது பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது.

அம்மாவுக்கு இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே உட்காருபவருக்கு விலா எலும்பின் குருத்தெலும்பில் வீக்கம் இருக்கலாம். நேரங்கெட்டுச் சாப்பிடுவதால் இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயை எரிக்கலாம். புகையிலைத் தூளைச் சுவாசித்து நுரையீரலில் ஏதேனும் வந்திருக்கலாம். மனப்பதற்றம்தான் என்றால் அதையும் ஏற்கிறோம். ஆனால் மற்றவற்றைப் பார்த்துவிட்டு அல்லவா அந்த முடிவுக்கு வர வேண்டும்? நெஞ்சை விரலால் அழுத்தி எங்கே வலிக்கிறது என்று இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. மருத்துவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புறநோயாளி வரிசை எவ்வளவு நீளம் என்பதை நாங்களும் பார்க்கிறோம். ஒவ்வொருவரும் தம் பிரிவுக்கு உரியதை மட்டும் பார்த்து "எங்களுடையது இல்லை" என்கிறார்கள். அப்படியானால் யாருடையது என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஆவணங்கள் விஷயத்திலும் இதே நிலைதான். ஆஞ்சியோ எடுத்த மருத்துவமனையில் அந்தப் படம் பதிந்த சிடியும் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பேடு) நகலும் எழுத்து மூலம் கேட்டோம். ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே கிடைத்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன. சிடி இல்லாததால், மறுபடியும் ஆஞ்சியோ எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அம்மாவுக்கு.

எனவே, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயம், இரைப்பை-குடல், நுரையீரல், எலும்பு, மனநலப் பிரிவு மருத்துவர்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் என் தாயாரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அதிகாலை வலி பதிவாகும்படி அவரை உள்நோயாளியாகச் சேர்த்து ஹோல்டர் கருவி (தொடர்ந்து ஈசிஜி பதிவு செய்யும் சிறு கருவி) பொருத்திக் கண்காணிக்க வேண்டும். வீட்டில் வலி வந்தால் எந்நேரமும் உடனே ஈசிஜி எடுத்துத் தர எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அறிவுறுத்த வேண்டும். மருத்துவக் குழுவின் முடிவு எதுவானாலும், காரணம் பிடிபடவில்லை என்பதேயானாலும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதோடு தமிழில் எழுதித் தர வேண்டும். சிடியும் கேஸ் ஷீட் நகலும் கிடைக்க ஆவன செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்.

பரிசோதனை நாளை முன்கூட்டியே தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். பீடிக் கடையில் வாங்கிய இலைக்கும் தூளுக்கும் கணக்குக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா வர முடியும்.

இணைப்பு: ஈசிஜி, எக்கோ, ட்ரோபோனின், டிரெட்மில் அறிக்கை நகல்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆவணம் கேட்டுக் கொடுத்த கடித நகல், காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை நகல்கள்.

நகல்: இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், தென்காசி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனுதாரர், தாயாருக்காக