வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய மயக்கவியல் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தவர் குமட்டுகிறது என்று சொன்னால், “மயக்க மருந்து கொடுத்தால் அப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும்” என்ற பதில் இன்னும் பல வார்டுகளில் கிடைக்கிறது. வயிற்றில் தையல் போட்டவர் ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். தடுக்கக்கூடிய துன்பம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

யாருக்கு வாந்தி வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியும். 1999இல் ஆப்ஃபெல் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட எளிய மதிப்பீடு உங்களுக்குத் தெரிந்ததே. நோயாளி பெண்ணா, புகைபிடிக்காதவரா, முன்பு அறுவை சிகிச்சைக்குப் பின்னோ பயணத்திலோ குமட்டிய அனுபவம் உண்டா, வலிக்கு மார்பின் வகை மருந்து தேவைப்படுமா? நான்கும் இல்லாதவருக்கு வாய்ப்பு சுமார் 10 சதவீதம். நான்கும் உள்ளவருக்குச் சுமார் 80. இவற்றைக் கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே ஊசியைப் போடுவதில்தான் எனக்கு வருத்தம்.

5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன், டிரோபெரிடால் ஆகிய வாந்தித் தடுப்பு மருந்துகள் ஒவ்வொன்றும் எஞ்சியிருக்கும் வாய்ப்பில் ஏறக்குறைய கால் பங்கைக் குறைத்தது. கணக்குப் போட்டால், 80 சதவீத வாய்ப்புள்ளவருக்கு ஒரே மருந்து கொடுத்தால் அது 60 அளவில் நிற்கும். மூன்றையும் சேர்த்தால் 34 அளவுக்கு இறங்கும். வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைச் சேர்ப்பதன் பலன் இது. டெக்சாமெத்தசோனை மயக்கம் கொடுக்கும் தொடக்கத்திலும் ஒண்டான்செட்ரானை அறுவை முடியும் தறுவாயிலும் கொடுப்பது வழக்கம். மூச்சு வழி தரும் வாயுவுக்குப் பதிலாக, ரத்தக்குழாயில் செலுத்தும் புரொபோஃபோலால் மயக்கத்தைத் தொடர்வதும் உதவும்.

பக்கவிளைவுகளை நான் மறக்கவில்லை. நீரிழிவு உள்ளவருக்கு டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கு ஒண்டான்செட்ரானும் டிரோபெரிடாலும் கவனமாகவே தரப்பட வேண்டும். ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள்: அந்த நான்கு கேள்விகளையும் மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனைப் படிவத்தில் அச்சிடுங்கள். தடுப்பு மருந்தையும் மீறி வாந்தி வந்தால், ஆறு மணி நேரத்துக்குள் அதே மருந்தைத் திரும்பக் கொடுப்பதால் பெரிய பயன் இல்லை. வேறு வகை மருந்து வேண்டும். அதன் பெயரை மருத்துவர் முன்பே எழுதி வைத்தால் இரவுப் பணியிலுள்ள செவிலியர் யாரையும் தேடி ஓட வேண்டியதில்லை. அன்றே வீடு திரும்புவோருக்கு வழியில் குமட்டினால் என்ன செய்வது என்பதையும், தேவையானால் மாத்திரையையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
நோயாளிகளின் பக்கம் நிற்கும் ஒருவர்