பன்னீர் திராட்சையும் ஒயின் ஆலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் பந்தலடியில் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படும் இந்த இரகம், தோட்டத்துக்குத் தோட்டம் கொடியை வெட்டிவிடும் கவாத்துக் காலம் வேறுபடுவதால், இங்கே ஆண்டு முழுவதும் அறுவடைக்கு வருகிறது. தோலோ மிக மெல்லியது. அறுவடைக்கு முந்தைய வாரம் இரண்டு நாள் மழை பிடித்தால் பழம் வெடித்துச் சாறு ஒழுகும். கொத்தைத் தூக்கிப் பார்க்கும் வியாபாரி, பேசிய விலையில் பாதியைக்கூடத் தர மாட்டார். சென்ற பருவத்தில் எனக்கு நேர்ந்ததும் இதுதான்.

மகாராஷ்டிர அரசு 2001-இல் திராட்சை பதப்படுத்தும் கொள்கையை அறிவித்து ஒயின் ஆலைகளுக்குக் கலால் சலுகை வழங்கியதன் பலனாக, நாசிக் வட்டாரத்தில் ஒப்பந்த முறையில் ஒயின் திராட்சை பயிரிடும் உழவர்கள் உருவானதுடன், தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கவே வெளியூரிலிருந்து மக்கள் வருகின்றனர். திராட்சை என்றாலே நாசிக் என்னும் பெயரும் ஊருக்கு நிலைத்துவிட்டது. அங்குள்ள ஷிராஸ், செனின் பிளாங்க் இரகங்கள் வேறு என்பது உண்மையே. எனினும் மணமும் இனிப்பும் மிக்க பன்னீர் திராட்சை இனிப்பு ஒயினுக்கு ஏற்றது.

மதுக்கடைகளைக் குறைக்க வேண்டும் என்போரில் நானும் ஒருவன். ஆயினும் தெருமுனைக் கடையையும் உழவர் கூட்டுறவு நடத்தும் சிறு ஒயின் ஆலையையும் ஒரே தட்டில் வைப்பது முறையல்ல. அத்தகைய ஆலைக்கு எளிய உரிமமும் குளிர்பதனக் கிடங்கும் வழங்க அரசு முன்வர வேண்டும்.

– திராட்சை விவசாயி ஒருவர்,
கூடலூர், தேனி மாவட்டம்.