கருப்பட்டிக் கணக்குக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகம் நடத்திய வணிகத் திட்டப் போட்டியில், சமூகப் பிரிவில் எங்கள் மகளிர் குழுவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்த செய்தி இதற்குள் உங்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். மேடையில் நன்றி சொல்ல ஒரு நிமிடம் தந்தார்கள். துணைவேந்தர், துறைத் தலைவர், நடுவர்கள் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. விட்டுப்போனவர்கள்தான் அதிகம். அதனால்தான் இந்த மடல்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக: தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிப் பக்கம், தேரிக்காடு என்கிற செம்மணல் மேட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆண்கள் பனையேறுகிறார்கள். பெண்கள் விடிலியில், அதாவது அடுப்புப் போட்ட ஓலைக் கொட்டகையில், பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறோம். போட்டியில் மாணவர்களுக்கு ஒரு பிரிவு, எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு பிரிவு. சமூகப் பிரிவில் சேருகிற ஒவ்வொரு குழுவோடும் மேலாண்மைத் துறை மாணவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து திட்டத்தை எழுத வேண்டும் என்பது விதி. முதலில் நான்கு பக்கச் சுருக்கம், அதில் தேறினால் நடுவர்கள் முன் பத்து நிமிடப் பேச்சு, அப்புறம் கேள்விகள்.

முதல் நன்றி அந்த மாணவர்களுக்குத்தான். குறிப்பாக, எங்கள் கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு "அத்தை, இதுல காய்ச்சுற ஆளோட கூலி எங்க?" என்று கேட்ட பிள்ளைக்கு. நோட்டில் மரத்துக்குக் கொடுக்கிற பாட்டம் (குத்தகைப் பணம்) இருந்தது, கலயம் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, வண்டி வாடகை இருந்தது. கூலி இல்லை. வீட்டுப் பொம்பளைக்கு யாரம்மா கூலி போடுவார்கள் என்று நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் விடியுமுன்பே விடிலி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பதநீரை வடிகட்டுவதிலிருந்து அடுப்பை அணைக்கும் வரை போனில் நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தாள். கொதி பொங்கும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்குவதை, பாகு இறுகும் பதம் பார்ப்பதை, சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) ஊற்றுவதை, ஆறியதும் தட்டி எடுப்பதை எல்லாம் எழுதினாள். உடைமுள் வெட்டி வரவும் காய்ந்த மட்டை பொறுக்கவும் ஆகிற நேரத்தைக்கூட விடவில்லை. காட்டில் சும்மா கிடக்கிற விறகுதானே என்றோம். விறகு சும்மா கிடக்கலாம், பொறுக்குகிற ஆள் சும்மா இல்லையே என்றாள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு, இனிப்பைப் பொறுத்து, ஏழெட்டு லிட்டர் பதநீராவது வேண்டும். அது சுண்டுகிற வரை ஒருத்தி அடுப்பை விட்டு நகர முடியாது.

சரி, கூலி என்று எதைப் போடுவது? நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த 336 ரூபாயையே ஒரு நாள் கூலியாக வைத்துக்கொள்ளலாம் என்று மாணவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது. கருப்பட்டியை நாங்கள் விற்றுவந்த விலை, அதைச் செய்ய ஆகிற செலவுக்குக் கீழே இருந்தது. அந்தத் தாளைக் குழுக் கூட்டத்தில் வாசித்தபோது எங்களில் மூத்தவர் ஒருவர், "அப்போ இத்தன வருசமா நான்தான் வியாபாரிக்குச் சம்பளம் குடுத்திருக்கேன்" என்றார். நடுவர்கள் முன்னால் பேசும்போதும் அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னோம். அதற்குமேல் எந்த வரைபடமும் தேவைப்படவில்லை.

வியாபாரியைப் பற்றி இவ்வளவு சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சீசனுக்கு முன்னால் முன்பணம் தருகிறவர் அவர்தான். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் அந்தப் பணம் இல்லாவிட்டால் எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. பதிலுக்குக் கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். எங்கள் திட்டத்தின் பாதி, அந்த முன்பணத்துக்கு மாற்று என்ன என்பதுதான். குழுச் சேமிப்பிலிருந்து கொஞ்சம், வங்கி இணைப்புக் கடனிலிருந்து மீதி என்று வழி காட்டிய மகளிர் திட்ட அலுவலக ஊழியர்களுக்கு நன்றி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றபோதும் அவர்கள் முகம் சுளித்ததில்லை.

இன்னொரு மாணவத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாக்கெட் போட்டு விற்றால் நிகர எடையை அச்சிட்டாக வேண்டும். எங்கள் சிரட்டைகளோ ஒவ்வொன்றும் ஒரு அளவு. எந்த இரண்டு கருப்பட்டியும் ஒரே எடையில் வராது. அந்தத் தம்பி விடிலியில் கிடந்த சிரட்டைகளை எல்லாம் கழுவி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி அளந்து, ஏறக்குறைய ஒரே அளவு பிடிப்பவற்றைக் குவியல் குவியலாகப் பிரித்து, அடியில் பெயிண்டால் புள்ளி வைத்துவிட்டான். இப்போது சிவப்புப் புள்ளிச் சிரட்டை நான்கு சேர்ந்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். கூடுதலைச் சீவி எடுத்துச் சுக்கும் மிளகும் போட்டுச் சில்லுக் கருப்பட்டி ஊற்றிவிடுகிறோம். அவன் அம்மா பார்த்திருந்தால், வீட்டில் ஒரு டம்ளர் கழுவாதவன் என்று சொல்லியிருப்பார்.

வரி, உரிமம் என்றாலே எங்களுக்குப் பயம். அந்தப் பயத்தைத் தெளிய வைத்தவர் ஒரு கணக்குத் தணிக்கையாளர். கட்டணம் வாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எங்களுக்குக் கொடுத்தார். பொட்டலம் கட்டாமல் உதிரியாக விற்றால் கருப்பட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. எடை போட்டு லேபிள் ஒட்டிய பாக்கெட் என்றால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். ஆனால் மாநிலத்துக்குள் மட்டும் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. இதை எங்களுக்குப் புரிகிறவரை திரும்பத் திரும்பச் சொன்னார். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் வெறும் 100 ரூபாய் என்றபோது எங்களில் யாரும் நம்பவில்லை. இப்போது அந்தச் சான்றிதழ் விடிலியில் மாட்டியிருக்கிறது, புகை படாத பக்கமாக.

நடுவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். நான் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. "கடையில் இதில் பாதி விலைக்குக் கருப்பட்டி கிடைக்கிறதே, உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்?" என்று ஒரு மேடம் கேட்டார். சீனிப்பாகு கலந்த சரக்கோடு விலையில் போட்டி போட எங்களால் முடியாது. ஒவ்வொரு பெட்டியிலும் காய்ச்சிய தேதியும் விடிலி இருக்கும் ஊரும் இருக்கும், சந்தேகம் இருந்தால் சீசனில் வந்து பார்த்துவிட்டு வாங்கலாம் என்றோம். 2021 வேளாண் பட்ஜெட்டில் ரேஷன் கடைகளில் பனைவெல்லம் விற்கப்படும் என்று அறிவித்தார்களே, அதற்கு முயன்றீர்களா என்றும் கேட்டார். அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர்தான் எங்களை மடக்கினார். ஐப்பசி, கார்த்திகை மழையில் கருப்பட்டி கசியுமே, சரக்கை எப்படிக் காப்பீர்கள் என்றார். அடுப்புக்கு மேலே பரண், புகை என்று சொன்னோம். உங்கள் பரணில் எத்தனை கிலோ நிற்கும், திட்டத்தில் எத்தனை கிலோ எழுதியிருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. முதல் பரிசு வாழைநார்க் குழுவுக்குப் போனது நியாயம்தான். தங்கள் சரக்கைப் பற்றிய இந்த மாதிரிக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் அதே சார் எங்களைத் தேடி வந்து, சூரியக் கூடார உலர்த்தி பற்றி எங்கள் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். பரிசுப் பணம் அதற்குத்தான் போகிறது.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். சமூகப் பிரிவின் விண்ணப்பத்தைத் தமிழிலும் கொடுங்கள். எங்களுக்கு நிரப்பித் தர மாணவர்கள் இருந்தார்கள். விண்ணப்பத்தைப் பார்த்ததுமே திரும்பிப் போன குழுக்களை எங்களுக்குத் தெரியும்.

பிறகு, சொல்லாவிட்டால் சண்டைக்கு வரக்கூடியவர்கள்: ராத்திரி பதினொரு மணிக்குக் கடையைத் திறந்து கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, மாதிரிப் பெட்டிகளுக்கு ஓலை முடைந்து கொடுத்த பக்கத்து ஊர்ப் பெண்கள் (அவர்களுக்கான கூலி இந்த முறை நோட்டில் ஏறிவிட்டது), போட்டியன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சோறும் பொங்கிய எங்கள் வீட்டு ஆண்கள். ரசத்தில் உப்பு கூடிப்போனதாகக் கேள்வி, பரவாயில்லை. காலையிலும் மாலையிலும் மரம் ஏறி இறங்குகிற உடம்போடு அதையும் செய்தார்கள்.

அடுத்த சீசனுக்கான முன்பதிவு தை பிறந்ததும் தொடங்கும். திட்ட அறிக்கையின் நகல் வேண்டும் என்கிற மகளிர் குழுக்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம். கூலிக் கணக்குப் பக்கத்தை மட்டும் உங்கள் ஊர் வேலைக்கு ஏற்ப நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும். அதற்கு நாங்கள் வந்து உதவுகிறோம்.

நன்றியுடன்,
குழுவின் ஊக்குநர்
மற்றும் உறுப்பினர்கள்