தாக்க மதிப்பீட்டில் பயனாளிகளுக்கும் இடம் வேண்டும்: பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செபித் தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2019ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2022இல் விதிமுறைகள் வகுக்கப்பட்டு, இன்று தேசியப் பங்குச் சந்தையிலும் மும்பைப் பங்குச் சந்தையிலும் தனிப் பிரிவாக இயங்கிவரும் சமூகப் பங்குச் சந்தையின் ஆண்டுத் தாக்க அறிக்கைகள் குறித்து இம்மடலை எழுதுகிறேன். தொண்டு நிறுவனங்களும் சமூக நோக்குள்ள நிறுவனங்களும் நிதி திரட்ட அமைந்தது இச்சந்தை; தம் பணியால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்று அவை ஆண்டுதோறும் சொல்வதே தாக்க அறிக்கை.

சாதாரணப் பங்கை வாங்கியவருக்கு நிறுவனத்தின் போக்கை உணர்த்தச் சந்தை விலையும் ஈவுத்தொகையும் இருக்கின்றன. இச்சந்தையில் தொண்டு நிறுவனங்கள் வெளியிடும் ஜீரோ கூப்பன் ஜீரோ பிரின்சிபல் பத்திரத்தை வாங்கியவருக்கோ வட்டியும் வராது, அசலும் திரும்பாது. தம் பணம் யாருக்கு என்ன செய்தது என்பதை அறிய அவர் பெரிதும் நம்பியிருப்பது அந்த அறிக்கையையும் அதை மதிப்பிட்டவரின் கையொப்பத்தையும்தான். அந்த மதிப்பீட்டாளரை அமர்த்துவதோ மதிப்பிடப்படும் நிறுவனமே. நிதிக் கணக்குத் தணிக்கையிலும் இதே நிலைதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அங்கே வங்கி இருப்பு, ரசீது, வரித் தாக்கல் என்று ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனத்துக்கு வெளியே சான்றுகள் உண்டு. இத்தனை பெண்கள் தையல் பயின்று வருமானம் ஈட்டுகிறார்கள் என்ற வரிக்கு அந்தப் பெண்களைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதற்கு வழிகாட்ட வெளிநாட்டுக் கையேடுகளைத் தேட வேண்டியதில்லை. 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய பொது விசாரணைகளில் அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடுகள் ஊரார் முன்னிலையில் வாசிக்கப்பட்டபோது, வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. ஏட்டளவில் அந்தக் கணக்குகள் ஒழுங்காகவே இருந்தன. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் கிராமசபையின் சமூகத் தணிக்கைக்கு இடமளித்ததும், தணிக்கை செய்வோர் பணியைச் செயல்படுத்துவோரிடமிருந்து தனித்திருக்க வேண்டும் என்று 2011இல் விதிகள் வந்ததும் அந்த அனுபவத்தின் தொடர்ச்சியே. அத்தணிக்கைகள் எல்லா மாநிலங்களிலும் செம்மையாக நடந்தன என்று நான் வாதாடமாட்டேன். முறை சரியானது என்பதே என் வாதம்.

ஆகவே, நிறுவனம் தரும் பட்டியலிலிருந்து சந்திக்க வேண்டிய பயனாளிகளை மதிப்பீட்டாளரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், நிறுவன ஊழியர் எவரும் உடனில்லாமல் அவர்களிடம் பேச வேண்டும் என்றும் விதியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடன் கொடுத்தவரோ வேலைக்குச் சேர்த்துவிட்டவரோ பக்கத்தில் நிற்கும்போது குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அறிக்கையின் முக்கிய எண்களைச் சந்தையிடம் தாக்கல் செய்வதற்கு முன்பே பயனாளிகளின் மொழியில், அவர்கள் கூடும் இடத்தில் படித்துக்காட்ட வேண்டும். அவர்கள் மறுப்பவை நிறுவனத்தின் பதிலோடு சேர்த்து வெளியிடப்பட வேண்டும்.

சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு இது சுமையாகும் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஒரு பத்திர வெளியீட்டுக்கான குறைந்தபட்சத் தொகையை 2023இல் 1 கோடி ரூபாயிலிருந்து 50 லட்சமாகக் குறைத்ததே அவற்றை உள்ளே கொண்டுவரத்தான். இச்சந்தைக்கென நபார்டு வங்கியில் அமைப்பதாக அறிவிக்கப்பட்ட 100 கோடி ரூபாய்த் திறன்வளர்ப்பு நிதியிலிருந்து மதிப்பீட்டுக் கட்டணத்தை வழங்கினால் அச்சுமை குறையும். மதிப்பீட்டாளர் நிறுவனத்தின் கையை எதிர்பார்த்திருக்கும் நிலையும் மாறும். இரண்டில் எனக்குப் பெரிதாகப் படுவது பின்னதே.

இவ்வண்ணம்,
தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கும் ஒருவர்